சிலாச்சாப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு

என் பிரியமான அண்ணிக்கு,

சாவித்திரி அண்ணி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அது எங்கள் அம்மா உனக்கு வைத்த பெயர். ரேஷன் கார்டில் அதுதான் இருக்கிறது. இறப்புச் சான்றிதழிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தோம். உன் உண்மையான பெயர் சுவார்த்தி என்பது சில மாதங்களுக்கு முன்புதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் உன்னை மலேசியாவிலிருந்து கூட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது நீ பெயரைச் சொன்னாய். அம்மாவின் காதில் சாவித்திரி என்று விழுந்தது. நீ திருத்தவில்லை. நாங்களும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இதை உனக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாலு பேர் படிக்கட்டும். வெட்கப்பட வேண்டியது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். எங்களுக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். என் அண்ணன் ஏழுமலை கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலைக்கு மலேசியா போனான். அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த ஜாவாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். பிள்ளை இல்லை. அண்ணன் நெஞ்சுவலியில் படகிலேயே போய்ச் சேர்ந்தான். அடுத்து அம்மாவும் போனாள். அதற்குப் பிறகு நீ கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுக்கு வந்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேர்வாய் கண்டிகையில் கம்பெனி ஆட்களுக்கு மெஸ் ஆரம்பித்தோம்.

மெஸ் நன்றாக நடக்கிறது, அண்ணி. இப்போது பெரிய கம்பெனி ஒன்றின் கேன்டீனுக்குச் சாயங்கால டிபன் நாம்தான் கொடுக்கிறோம். உன் கட்டு பஜ்ஜிக்குத்தான் கூட்டம். சோயாவை ஊற வைத்து, தோல் தேய்த்து எடுத்து, வேக வைத்துப் பூவரசு இலையில் கட்டி வைப்பாயே, வெள்ளையாகப் பூத்துப் பாளமாக இறுகுமே, அதற்கு நம் மெஸ்ஸில் கட்டு என்று பெயர் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பூத்த இலையில் ஒன்றை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிறேன், நீ செய்த மாதிரியே. அதில் நான் தவறவில்லை. தவறியதெல்லாம் வேறு.

அந்தக் கம்பெனியில் புது மெஷின் பூட்ட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, பெயர் எந்தா. என் வயது இருக்கும். தலையில் முக்காடு, மேலே கம்பெனிக் கோட்டு. ஒரு சாயங்காலம் பாதி கடித்த பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அடுக்களைக்குள் வந்துவிட்டாள். கூடவே ஹெச்.ஆர். பெண் நிவேதிதா ஓடி வந்தாள். செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் வருகிற பெண். எந்தா இங்கிலீஷில் பேச, நிவேதிதாதான் தமிழில் சொன்னாள்.

"அக்கா, இது தெம்பேவாம். அவங்க நாட்டு சாப்பாடு. இங்க யாரு இத செஞ்சதுனு கேக்கறாங்க."

"நான்தான் செஞ்சேன். எங்க அண்ணி கத்துக் குட்த்தது. அவங்க ஜாவா."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் மாவு ஒட்டியிருந்தது, அதைப் பார்க்கவேயில்லை. கண்ணெல்லாம் சிரிப்பு.

"ஜாவால எந்த ஊருனு கேக்கறாங்கக்கா. அவங்களுக்கு ஜோக்ஜாவாம்."

வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீன் மேனேஜர் கதவருகில் நின்றிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே குடும்பம், கடைசியில் ஒரே அடுப்பு. அவள் ஊர் எது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அதே ஊருதான்," என்றேன்.

ஜோக்ஜா என்ற பெயரை என் வாழ்நாளில் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன், அண்ணி.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொன்னாள். நான் சரி என்றேன். ஞாயிறு காலையில் கூனி இறாலை இடித்து நீ செய்கிற மிளகாய்த் துவையல் அரைத்தேன். நம் அம்மா நாற்றம் தாங்காமல் உன்னை ஏரிக்கரைக்குத் துரத்திவிடுவாளே, அதே துவையல். வள்ளைக்கீரையை வேக வைத்து வேர்க்கடலைச் சாந்து ஊற்றினேன். தேங்காய்ப்பால் விட்டுக் காய் வைத்தேன். பஜ்ஜியை மொறுமொறுவென்று பொரித்து அடுக்கினேன்.

எந்தா நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை கீரை கேட்டு வாங்கினாள். பிறகு கூட வந்திருந்த நிவேதிதாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எனக்குச் சொல்லத் தயங்கினாள்.

"இன்னாம்மா, சொல்லு."

"ஜோக்ஜால எல்லாத்துலயும் வெல்லம் போடுவாங்களாம்க்கா. பலாக்காயக்கூட வெல்லம் போட்டுத்தான் வேக வெப்பாங்களாம். இதுல துளி இனிப்பு இல்ல. ரொம்ப நல்லா இருக்குன்றாங்க. ஆனா இது அவங்க ஊர் சமையல் இல்லயாம்."

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தா சட்டென்று குனிந்து தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் செய்தாள் என்று புரிந்தது. அந்த மரியாதைதான் என்னை இன்னும் சுட்டது.

"பொய் சொல்லிட்டேம்மா," என்றேன். "எங்க அண்ணி எந்த ஊருனு எனுக்குத் தெரியாது. எங்க ஊட்ல யாருக்கும் தெரியாது. நாங்க கேக்கவே இல்ல."

நிவேதிதா அதை இங்கிலீஷில் சொல்லும்போது எவ்வளவு மெல்லச் சொன்னாள் தெரியுமா. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

எந்தா கோபப்படவில்லை. உன்னைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். பஜ்ஜியை அண்ணி எப்படிப் போடுவார்? பாதி வேக்காட்டில் தொளதொளவென்று எடுத்துவிடுவாள், நான்தான் இன்னும் வேகட்டும் என்று சண்டை போடுவேன் என்றேன். வருஷத்தில் ஒரு மாதம் பகலில் சாப்பிட மாட்டாரா? ஆமாம், அது ஏதோ விரதம் என்று அம்மா சொல்லுவாள் என்றேன். எந்தா கண்ணை மூடித் திறந்தாள். அது நோன்பு, அண்ணி. பழவேற்காட்டில் எத்தனை முஸ்லிம் குடும்பம் இருக்கிறது, எத்தனை நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறோம். நம் வீட்டுக்குள் ஒருத்தி நோன்பு பிடிப்பது மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் என் மகன் மணி ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தான். விருந்தாளி இருப்பதைக் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மா, கென்ச்சோத்து தாங்கல. சோறு போடு," என்றான்.

எந்தா எழுந்து நின்றுவிட்டாள்.

அது உன் வார்த்தை. பசிக்கு நீ சொல்லுகிற வார்த்தை. அம்மா வீட்டில் மணியைத் தூக்கி வளர்த்தவள் நீதானே. நம் வீட்டிலும் குப்பத்திலும் பிள்ளைகள் அப்படித்தான் பசியைச் சொல்லும். அது நீ பிள்ளைகளுக்காகச் சும்மா இட்டுக்கட்டியது என்று நினைத்திருந்தோம். எந்தா என்னிடம் வந்து, ‘நான்’ என்பதற்கு உங்கள் அண்ணி என்ன வார்த்தை சொல்லுவார் என்று கேட்டாள். இஞ்ஞோங் என்றேன். நீ தனியாக இருக்கும்போது உன்னோடு நீயே பேசுவாயே, அதில் அடிக்கடி அது வரும்.

அவள் ஒரே நேரத்தில் சிரித்தாள், அழுதாள். அப்புறம் சொன்னாள், நிவேதிதா எனக்குச் சொன்னாள். ஜாவாவில் மேற்கே தள்ளி, தென்கடல் பக்கத்து ஆட்கள்தான் அப்படிப் பேசுவார்களாம். நகரத்துக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்களாம். டி.வி.யில் கிண்டல் செய்வதற்கென்றே அந்தப் பேச்சாம். பாதி வேக்காட்டில் எடுக்கிற அந்தப் பஜ்ஜியும் அவர்களுடையதுதானாம். மெந்தோவான் என்று பெயர். பெயருக்கே பாதி வெந்தது என்றுதான் அர்த்தமாம்.

"நம்ம ‘இன்னா’, ‘ஊடு’ன்றத சினிமால கிண்டல் பண்றாங்க இல்லக்கா? அதே மாதிரி போல," என்றாள் நிவேதிதா.

நீ எங்களிடம் வந்து கற்றுக்கொண்ட தமிழும் அந்த மாதிரித் தமிழ்தான். ஊர் சிரிக்கிற ஒரு பேச்சிலிருந்து ஊர் சிரிக்கிற இன்னொரு பேச்சுக்கு வந்திருக்கிறாய். உனக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்துதான் நான் பஜ்ஜிக்குச் சண்டை போட்ட ஒவ்வொரு தடவையும் பேசாமல் இன்னொரு தரம் எண்ணெயில் போட்டாயா?

அண்ணன் உன்னை வார்த்தி என்று கூப்பிடுவான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன். எந்தா அதையும் சாவித்திரியையும் சேர்த்து வைத்துத்தான் சுவார்த்தி என்று கண்டுபிடித்தாள். என் பெண்ணின் கல்யாணத்தில் எடுத்த உன் போட்டோவை அந்தப் பக்கத்து ஆட்கள் இருக்கிற ஃபேஸ்புக் குழுக்களில் போட்டாள். மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர், தமிழ்நாட்டுக்காரரைக் கல்யாணம் செய்தவர், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதினாள். நீ இறந்துவிட்டாய் என்று எழுதவில்லை. அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

சில நாள் கழித்துக் கேன்டீன் வாசலிலேயே என்னைப் பிடித்தாள். உன் தங்கை கிடைத்துவிட்டாள். துர்சினா. ஊர் சிலாச்சாப்.

உனக்குத் தங்கை இருப்பதுகூட எனக்குத் தெரியாது, அண்ணி.

"அக்கா, அவங்க இன்னா எழுதியிருக்காங்கன்னா..." நிவேதிதா போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அக்கா உயிரோட இருக்காளா, எப்ப பேசலாம்னு கேட்டிருக்காங்க."

"எந்தா அம்மாவையே சொல்லிடச் சொல்லேன். எனுக்கு வாய் வராதும்மா."

எந்தா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். நீங்கள்தானே அவள் குடும்பம் என்றாளாம். அந்த வார்த்தைக்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து நானேதான் பேசினேன்.

திரையில் உன் முகம் வந்தது. கொஞ்சம் இளைத்த, கொஞ்சம் கறுத்த உன் முகம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடனே என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நான் கொஞ்சம் நகர்ந்தால் நீ தெரிவாய் என்று நினைத்திருக்கிறாள். எனக்குப் பின்னால் பருப்பு டின்தான் இருந்தது.

நான் சொன்னது தமிழில் இருந்து இங்கிலீஷுக்குப் போய், இங்கிலீஷில் இருந்து உங்கள் பேச்சுக்குப் போய், அவளிடம் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரமும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு நேரம் எதிரிக்கும் வரக் கூடாது.

அவள் கத்தி அழவில்லை. முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றேன். அவர்கள் பக்கம் கடல் உள்ளே வந்த வருஷம் வீடு மாறிப் போனார்களாம். அவர்களுடைய பழைய பக்கத்து வீட்டுப் போன் நம்பர்தான் உன்னிடம் இருந்ததாம். அதோடு விட்டுப்போயிற்று. இங்கே கடல் உள்ளே வந்தபோது நீயும் எங்களோடு மேட்டில் நின்றுகொண்டிருந்தாய். எங்களுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நாங்கள் அழுதோம். உன் வீடு எந்தக் கடலோரத்தில் இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்குப் போக வேண்டும் என்று நீ எங்களிடம் கேட்டதில்லை. பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்போம்?

துர்சினா கேட்டாள்: "அக்காவ கடைசியா யாரு குளிப்பாட்டனது?"

"நான்தான்," என்றேன். "நானேதான் குளிப்பாட்டனேன். வேற யாரையும் வுடல."

அவள் கேட்டதிலேயே தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது அது ஒன்றுக்குத்தான். அவளும் தலையை ஆட்டினாள். அடுத்து, "என்னப் பத்தி பேசுவாளா?" என்று கேட்டாள். நீ தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவளோடுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு தெரியாது என்று சொன்னேன்.

பிறகு அவள் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே நடந்தாள். ஒரு கரை, கட்டிப் போட்ட படகுகள், காய்கிற வலை, தட்டையான உப்புத் தண்ணீர். தூரத்தில் கரண்டு எடுக்கிற கம்பெனியின் உயரமான புகைபோக்கிகள். நான் நிவேதிதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் பார்வைக்கு அது பழவேற்காடு என்றே நினைத்துவிட்டேன். பஸ்ஸில் குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் அத்திப்பட்டு கரண்டு கம்பெனிப் புகைபோக்கி தெரிகிற பக்கமாகவே ஜன்னலோரம் பிடித்து உட்காருவாய். காற்றுக்காக என்று நினைத்தோம். "உன் ஊர்ல இவ்ளோ பெரிய ஏரி கீதா?" என்று அம்மா உன்னைக் கேட்டுச் சிரித்ததுண்டு. நீயும் சிரிப்பாய்.

அதற்குப் பிறகு துர்சினாவோடு தினமும் பேசுகிறேன். நடுவில் சொல்ல ஆள் இல்லாதபோதும் பேசுகிறோம். அவளும் படகுத்துறையில் பஜ்ஜிக் கடைதான் வைத்திருக்கிறாள். நான் வாணலியைக் காட்டுவேன், அவள் வாணலியைக் காட்டுவாள். என் பஜ்ஜி சிவப்பதைப் பார்த்தால் அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்துவாள். இப்போது பாதி வேக்காட்டில்தான் எடுக்கிறேன். வேகவில்லை என்று கேன்டீனில் புகார் வருகிறது. இது இப்படித்தான், பெயரே இதுதான் என்று சொல்கிறேன். அவர்கள் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பார்ப்போம்.

நோன்பு மாதத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் எல்லோரும் இடுகாட்டுக்குப் போவார்களாம். புல்லை வெட்டி, பூவைத் தூவி, பிறகு சோறு ஆக்கி ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அது வரப்போகிறது, அக்காவின் இடத்தைக் காட்டு என்று துர்சினா கேட்டாள். சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உன்னைக் குப்பத்து இடுகாட்டில் வைத்தோம். நம்மில் பொம்பளைகள் அங்கே போகிற வழக்கம் இல்லை. நான் போனதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தாவும் நிவேதிதாவும் கம்பெனிக் காரில் வந்தார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். கூடையில் சாமந்தியும் ரோஜா இதழும் வாங்கி வைத்திருந்தேன். வழியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "பொம்பளைங்க அங்க இன்னாத்துக்குப் போறீங்க?" என்று கேட்டார். நான் நடந்துகொண்டே இருந்தேன்.

உள்ளே போனால் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இரண்டு மழையில் மேடெல்லாம் கரைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அங்கே நின்று பார்த்தார், இங்கே நின்று பார்த்தார்.

"அந்த மரத்துக்கு அந்தாண்டதான் வெச்சோம். அப்போ இந்தக் கருவேலம் இல்ல. உங்க அண்ணிக்கு அப்பறம் நாலஞ்சு பேர வேற வெச்சுகிறாங்க."

"அப்போ எது?"

"தெரியலயே."

எந்தாவின் போனில் துர்சினா வந்துவிட்டாள். வெள்ளை முக்காடு போட்டிருந்தாள். பின்னால் அவள் பெண்களும் பேரப்பிள்ளைகளும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் உயரமாகத் தெரிந்த ஒரு மேட்டைக் காட்டினார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம். என் நிலைமையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இதுதான்னு காட்டிடு. பூவப் போட்டுக் கும்புடு. அந்தம்மாக்கு இன்னா தெரியப் போவுது? நிம்மதியா இருப்பாங்க."

நான் கூடையோடு அந்த மேட்டின் முன்னால் போய் நின்றேன், அண்ணி. மறைக்கப் போவதில்லை. பூவைக் கையில் அள்ளியும்விட்டேன். யாரோ ஒருவர் அதற்குள் இருக்கிறார். அவர் வீட்டார் யாரோ. அவர் மேல் பூப் போட்டு அதை நீ என்று காட்டப் போகிறேன். பெயரை மாற்றினோம், ஊரைப் பொய் சொன்னோம், இப்போது உன் குழியையும் இன்னொருவர் குழியாக்கப் போகிறேன். பூவைக் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

"நிவேதிதா, சொல்லும்மா. இதுல எது அவங்க அக்கானு எங்களுக்குத் தெரியல. அடையாளம் வெக்கல. வந்து பாக்கல. நாங்க செஞ்சது தப்பு."

அந்தப் பெண் எந்தாவிடம் சொன்னாள். எந்தா துர்சினாவிடம் சொன்னாள். திரையில் யாரும் அசையவில்லை. பின்னால் இருந்த ஒரு பெண் எழுந்து போய்விட்டாள். துர்சினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனியக் கூடாது என்று நின்றேன். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள், வேகமாக, கரடுமுரடாக. ஜோக்ஜாக்காரி எந்தாவுக்கே அங்கங்கே புரியாமல் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னா சொல்றாங்க?"

நிவேதிதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோவமா இருக்கேன்னு சொல்றாங்கக்கா. ரொம்ப நாளைக்கு இந்தக் கோவம் போகாதாம். ஆனா கோவத்துக்குப் பூ காத்துக்கினு இருக்காதாம். எல்லாத்துக்கும் போடுங்கன்றாங்க. அவங்க ஊர்லயும் தன் ஆளு யாரு, அடுத்தவங்க ஆளு யாருனு பாத்துப் போட மாட்டாங்களாம். அவ படுத்துக்கினு இருக்கற பக்கத்துல இருக்கறவங்கதான இப்ப அவளுக்கு சொந்தம்னு சொல்றாங்க."

கூடையில் இருந்தது பத்துப் பன்னிரண்டு மேட்டுக்குக்கூட வரவில்லை. நான் குப்பத்துக்குள் திரும்பி நடந்தேன். உன்னோடு கூனி காய வைத்த பெண்களின் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முதலில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு ஒருத்தி, "எங்க மாமியாரும் அங்கதான கீறாங்க. நானும்தான் பாத்ததே இல்ல," என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் பின்னால் நாலைந்து பேர். ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய்ப் பேசினார். என்ன பேசினாரோ, கொஞ்ச நேரத்தில் ஆம்பளைகளும் மண்வெட்டியோடு வந்தார்கள். கருவேலத்தை வெட்டிச் சாய்த்து மேடுகளை மண் போட்டு உயர்த்த வெயில் ஏறிவிட்டது. வீட்டு வாசலில் பூத்ததெல்லாம் வந்தது, அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை. துர்சினா போனை வைக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்து ஏதோ ஓதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போன அந்தப் பெண் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் கரையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். எந்தா மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டு ஆக்கிய சோற்றைக் கோபுரம் மாதிரிக் குவித்து வைத்தாள். தும்பெங் என்று பெயராம். சுற்றி உட்கார்ந்து ஒரே இடத்தில் இருந்து எடுத்துச் சாப்பிட வேண்டுமாம். நம் ஆட்களுக்கு முதலில் கூச்சம். பிறகு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு ஒரு பிடி பிடித்தார்கள். எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீ இருந்தவரை இப்படி ஒரு நாள் உனக்கு வாய்க்கவில்லையே. ஒரு தடவை, ஒரே தடவை, உன் ஊரில் விசேஷத்துக்கு என்ன ஆக்குவீர்கள் என்று கேட்டிருந்தால் நீ எவ்வளவு பெரிதாகக் குவித்திருப்பாய்?

எந்தா போன வாரம் ஊருக்குப் போய்விட்டாள். துர்சினா சில நாட்களில் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. திடீரென்று கோபம் வந்து போனை வைத்துவிடுகிறாள். மறுநாள் அவளே கூப்பிடுகிறாள். அந்தக் கோபத்தை நான் குறைக்கச் சொல்லவில்லை. அது இருக்கிற வரைக்கும் நீயும் எங்கள் நடுவில் இருப்பாய் போலிருக்கிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி. இனிமேல் ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முன்னால் நான் போவேன். என்னால் நடக்க முடியாமல் போனால் மணி போவான், அவன் பிள்ளைகள் போவார்கள். உன் இடம் எது என்று இனித் தேட மாட்டேன். ஏரியிலிருந்து வேலி வரைக்கும் ஒரு மேடு விடாமல் பூப் போடுவோம். அதில் ஏதோ ஒரு பிடி உன் மேலும் விழும்.

உன்னைக் குளிப்பாட்டிய நாத்தனார்,
தேசம்மா